பதினோராவது நிமிடம்

நாளைக் காலை ஒன்பது மணிக்கு ரபாயேலைக் கொழும்பில் நீதவான் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். அதற்குள் ஒரு கடிதம் போய்ச் சேர வேண்டும். போன கிழமை நாம் விட்ட இடம் அதுதான்.

வேலை தேடிப் போன பிள்ளை. கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் படுத்திருந்தவனைச் சுற்றிவளைப்பில் அள்ளிக்கொண்டு போனார்கள். கொழும்பில் உனக்கு என்ன வேலை என்று கேட்டபோது அவனிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் இரண்டு வருடம் அறை துடைத்தவன். வெள்ளைக்காரர் வரவு நின்றதும், "அப்புறம் கூப்பிடுறோம்" என்று அனுப்பப்பட்டவன். அந்த ஹோட்டல் முதலாளி, இவன் எங்கள் ஆள்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் தெற்கே தடுப்பு முகாமுக்கு ஏற்றிவிடுவார்கள். வக்கீல் அப்படித்தான் சொன்னார். தாய் சவரியம்மா கொழும்பில் ஒரு கன்னியர் மடத்தில் படுத்து எழும்பி, பகலெல்லாம் பொலிஸ் வாசலில் நிற்கிறாள்.

கடிதம் தயார். ஹோட்டல் மனேஜர் ஆறுமுகநாதன் டைப் அடித்து பைலில் வைத்திருந்தார். ஆனால் கையெழுத்துப் போட அவருக்குத் தைரியம் வரவில்லை.

"என்ர பேர்ல கடிதம் போனா, பெடியனை விட்டிட்டு என்னைப் பிடிச்சு வைப்பாங்கள், பிள்ளை. யாழ்ப்பாணத்துப் பேர். முதலாளிதான் போடவேணும்" என்று ரபாயேலின் அக்கா டொறீனிடம் சொல்லியிருந்தார். "வெள்ளிக்கிழமை வாறார். மத்தியானம் வந்து நாலு மணிக்குத் திரும்பிடுவார். அவற்ற மகளுக்குக் கால் முறிஞ்சு கட்டுப் போட்டிருக்கு. அந்தப் பிள்ளைக்குத்தான் இந்தக் கம்ப்யூட்டர். மெஷின் நல்லா ஓடிச்செண்டா ஆள் சந்தோசமா இருப்பார். அந்த நேரம் பாத்து நான் பைலை நீட்டுவன். ஓடாட்டி, அண்டைக்கு அவரிட்ட வாயே திறக்கேலாது."

அந்தக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டியவள் டொறீன். மாத்தளையில், அவள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் நுஹ்மானின் கடையில் வேலை. கேசிங் என்ற வெளிக்கூட்டிலிருந்து கடைசி ஆணி வரை அவள் கை. கடையில் இரண்டு நாள் ஓடியது, ஒரு தும்மல் இல்லை. நேற்றுப் பின்னேரம் உக்குவளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

இன்று வெள்ளி. விடிந்ததும் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம் என்று கார் ரேஸ் கேமைப் போட்டாள். துப்பாக்கிக் கேம் கடையில் எத்தனையோ கிடந்தன. ஆனால் ஒரு தமிழ் வீட்டுக்குள்ளிருந்து வெடிச் சத்தம் வரும் காலமா இது? கார்தான் நல்லது.

பதினோராவது நிமிடத்தில் மெஷின் விழுந்தது.

முதலில் ரோட்டில் சதுரம் சதுரமாகப் பச்சைக் கட்டிகள். பிறகு திரை கறுத்தது. பிறகு ஆங்கிலத்தில் ஒரு பெட்டி: திரையின் ட்ரைவர் நின்றுவிட்டது.

டொறீன் அதை இரண்டு தடவை படித்தாள்.

"என்னா தாயி, கரண்டு போயிருச்சா?" அடுப்படியிலிருந்து தகப்பன் சில்வெஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"கரண்டு இருக்குப்பா. ட்ரைவர் நின்னுருச்சு."

"எந்த ட்ரைவரு? அழகமுத்து த்ரீவீலோட ஒம்பது மணிக்கில்ல வாறேன்னான்?"

சிரிக்கிற நேரமா? ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து அவள் குரலைத் தணித்தாள். "மெஷினுக்குள்ள படம் வரையிற கார்டு ஒண்ணு இருக்குப்பா. அதுக்கு இப்படி வரை, அப்படி வரைன்னு சொல்லிக் குடுக்கிற புரோகிராமுக்குத்தான் ட்ரைவர்னு பேரு."

"கங்காணி மாதிரின்னு சொல்லு."

"ஆமா. கங்காணி வாய் அடைச்சுப் போச்சு. வேலையும் நின்னு போச்சு."

சில்வெஸ்டர் ஈரக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்து அவள் பின்னால் நின்றார். பதினெட்டு வருடமாக மாத்தளையில் ஒரு ஸ்டோரில் கராம்பும் மிளகும் மூட்டை கட்டுகிறவர். அவர் வந்து நின்றால் கராம்பு மணம் வந்து நிற்கும். குளித்தாலும் போகாது. வீட்டில் யாருக்கும் அது மணமாகத் தெரிவதுமில்லை.

டொறீன் கார்டோடு வந்த சிடியைப் போட்டாள். இருந்த ட்ரைவரை அடியோடு எடுத்தாள். மெஷினை அணைத்து எழுப்பினாள். எழுத்தெல்லாம் செங்கல் மாதிரி பெரிதாக வந்தது. திரும்ப ஏற்றினாள். கேமைப் போட்டாள்.

இந்த முறை ஏழாவது நிமிடம்.

மறுபடி எடுத்து, மறுபடி ஏற்றினாள். நாலாவது நிமிடம். போடப் போட மோசமாகிறது என்று அவளுக்குத் தோன்றியது. தன் கைதான் கெடுக்கிறதோ?

நுஹ்மான் சாமான் எடுக்க விடிய முதலே கொழும்புக்குப் போய்விட்டார். போனில் பிடித்தாள். பின்னால் பஸ் ஹோர்ன் சத்தம்.

"செக்பொயின்ட்ல நிக்கிறேன் புள்ள. சொல்லுங்க."

சொன்னாள்.

"கேம் இல்லாம சும்மா வெச்சா?"

"ஒண்ணும் இல்ல நானா. எவ்வளவு நேரம்னாலும் நிக்குது. கேம் போட்டாத்தான்."

"அப்ப ட்ரைவர்தான். பழைய வேர்ஷன் ஒண்ட நான் ஒரு சிடில எழுதி உங்கட பேக்ல போட்டிருக்கேன், அத ஏத்துங்க. ஒண்டு கேளுங்க. கேசிங்ல என்ட சீல் இரிக்கு. அத ஒடச்சிராதீங்க. ஒடச்சா கார்டு தந்தவன் மாத்தித் தரமாட்டான். அந்த மொதலாளியும் பாவிச்ச பழஞ் சாமான்டு சொல்லிருவாரு. வெளங்குதா?"

"வெளங்குது நானா."

"அல்லா இருக்கான். தம்பிட விசயம் சரிவரும்."

பழைய வேர்ஷனை ஏற்றி முடிக்க ஒன்பது மணி. வாசலில் த்ரீவீல் நின்றது. ஓட்டிப் பார்க்க நேரமில்லை.

சில்வெஸ்டர் பெட்டியைக் கட்டினார். வைக்கோல், கார்ட்போட், பொலித்தீன், அதன் மேல் சணல் கயிறு. கட்டுவதைப் பார்த்தால் உள்ளே முட்டை இருக்கிறது என்று நினைக்கலாம்.

"போதும்ப்பா."

"சும்மா இரு தாயி. ஆடாம அடங்கி வரணும். நேத்தே எல்லாம் பாத்து வெச்சுட்டேன். பல்லி கூட நொழையாது."

அவர் பெட்டியைத்தான் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள்.

நாவுல என்ற ஊரைத் தாண்டியதும் ஆமிச் செக்பொயின்ட்டில் மறித்தார்கள். அழகமுத்து லைசென்சோடு தனியே போனான். டொறீன் தன் அடையாள அட்டையையும் தகப்பனுடையதையும் சேர்த்து நீட்டினாள். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் மாதிரி வரும். சில்வெஸ்டருக்கு ஸ்டோர்ச் சிங்களம், மூட்டையையும் தராசையும் தாண்டாது.

"பெட்டியில் என்ன?"

"கம்ப்யூட்டர் சேர். சீகிரியா ஹோட்டலுக்கு."

சிப்பாய் கயிற்றை அறுக்கச் சொன்னான். சில்வெஸ்டர் அறுக்கவில்லை, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். பின்னால் ஒரு லொறிக்காரன் ஹோர்னை அமுக்கிக்கொண்டே இருந்தான். உள்ளே பார்த்த சிப்பாய்க்கு இருபது வயது இருக்கும்.

"கேம் இருக்கா?"

"கார் ரேஸ்."

"நல்லா ஓடுதா?"

டொறீன் பெட்டியைப் பார்த்தாள். "ஓடும்" என்றாள்.

அவன் இரண்டு அட்டைகளையும் அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். அவள் பைக்குள் போட்டுக்கொண்டு, கயிற்றைப் பிடிக்கக் குனிந்தாள்.

"அவனுக்கே வெளாட ஆசை போல" என்றான் அழகமுத்து, த்ரீவீலை எடுத்தபடி. "அண்ணே, ஒங்க ட்ரைவர் சரியில்லன்னா சொல்லுங்க, நான் உள்ள போயி ஒக்காந்துக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை.

ஹோட்டலுக்குப் போய்ச் சேரப் பகல் ஒரு மணி ஆகிவிட்டது. முதலாளி வந்துவிட்டிருந்தார். ஆறுமுகநாதன் ஓடிவந்து, "இவ்வளவு நேரமே?" என்று கையைப் பிசைந்தார். சில்வெஸ்டர் பெட்டியை அறைக்குள் இறக்கி வைத்ததும், "ஐயா, நீங்கள் வெளியில காவலாளியின்ர கொட்டிலுக்குப் போங்கோ. முதலாளிக்கு அறைக்குள்ள ஆக்கள் நிண்டாப் பிடிக்காது" என்று அனுப்பிவிட்டார்.

ஏசி அறை. கட்டுப் போட்ட காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று காத்திருந்தது. முதலாளி பின்னால் கை கட்டி நின்றார். டொறீன் வயர்களைப் பூட்டி மெஷினைப் போட்டாள். பழைய வேர்ஷன் ஏறியிருக்கிறது. இது நிற்கும். நிற்க வேண்டும். அந்தோனியாரே.

பிள்ளை கெட்டிக்காரி. முதல் சுற்று முடிந்தது, இரண்டாம் சுற்று முடிந்தது. டொறீன் கண் கேமில் இல்லை, சுவர் மணிக்கூட்டில் இருந்தது. எட்டு. ஒன்பது. பத்து.

பச்சைக் கட்டிகள் வந்தன. திரை கறுத்தது.

"அப்பா!" என்று பிள்ளை கத்தியது.

முதலாளி சிங்களத்தில் அமைதியாகக் கேட்டார். "புது மெஷின் என்று சொன்னீர்களே, ஆறுமுகநாதன்?"

"புதுசுதான் சேர். சின்னப் பிழை. இப்ப சரியாகும்."

"நாலு மணிக்கு நான் போகிறேன். அதற்குள் ஓடாவிட்டால் வந்த பெட்டியிலேயே திரும்பப் போகட்டும்." பிள்ளையின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போனார்.

ஆறுமுகநாதன் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "பிள்ளை, எப்பிடியாவது" என்று மட்டும் சொன்னார்.

டொறீன் திரும்பவும் ட்ரைவரை எடுத்தாள். ஏற்றினாள். படத்தின் அளவைக் குறைத்தாள். நிழலையும் மழையையும் கேமிலிருந்து அகற்றினாள். நாலாவது நிமிடம். சத்தத்தை அகற்றினாள். மூன்றாவது நிமிடம். நுஹ்மானுக்கு அடித்தாள், தொடர்பு இல்லை. மணி மூன்றைத் தாண்டியது.

போன் அதிர்ந்தது. அம்மா. மடத்துப் போனிலிருந்து.

"கெடச்சிருச்சா டொறீனு?"

"இன்னும் இல்லம்மா. கொஞ்ச நேரத்துல."

"தம்பிய இன்னைக்குப் பாக்க விட்டாங்க. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னான். என்னான்னு கேட்டேன். 'அக்கா வருவாளா'ன்னு மட்டும் கேட்டான். வேற ஒண்ணுமே பேசலடி."

"வைம்மா. நான் எடுக்கிறேன்."

போனை வைத்தவள் நாற்காலியில் உட்காரவில்லை, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ட்ரைவரை எடுத்திருந்தாள், திரும்ப ஏற்றக் கை வரவில்லை. திரையில் செங்கல் எழுத்துகள். நெற்றியை மேசைக் காலில் முட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். அழக்கூடப் பயமாக இருந்தது. அழுதால் நேரம் போகும்.

அப்பா பக்கத்தில் நிற்பது போல இருந்தது. கண்ணைத் திறக்காமலே, "வெளிய இருங்கப்பா, ஏசுவாங்க" என்றாள்.



கண்ணைத் திறந்தாள். அறையில் யாருமில்லை. கதவு சாத்தியிருந்தது. சவர்க்காரம் போட்டுத் துடைத்த குளிர் அறை. அதற்குள் கராம்பு மணம். சூடான கராம்பு. ஸ்டோரில் வெயிலில் காயப் போட்ட பாயில் நடக்கும்போது எழும்பும் அந்த மணம்.

அப்பா இல்லை. மணம் எங்கிருந்து வருகிறது?

டொறீன் தவழ்ந்து மெஷினின் பின்பக்கம் போனாள். அங்கே மணம் மூக்கைத் தாக்கியது. கார்டு பூட்டிய இடத்துக்குக் கீழே ஒரு நீள ஓட்டை இருக்க வேண்டும். மூடும் தகடு கடையில் முடிந்துவிட்டது, அடுத்த கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று நுஹ்மான் விட்டுவைத்த ஓட்டை. இப்போது அது ஓட்டையாக இல்லை. உள்ளே நீலக் கட்டம் போட்ட துணி தெரிந்தது.

அப்பாவின் பழைய சாரம்.

பிளக்கைப் பிடுங்கினாள். விரல் நுனியால் துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். விடவில்லை. மூட்டை வாயை அடைப்பவர் அடைத்தது. தலைப்பின்னை எடுத்து நெம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஒரு சாண் நீளத்துக்குச் சுருட்டிய துணி வெளியே வந்தது. பிரித்தால் உள்ளே கராம்பு. பல்லி, கரப்பான், எறும்பு எதுவும் அண்டாமலிருக்க ஸ்டோரில் பலகை இடுக்குகளுக்குள் திணிப்பார்களே, அதே வேலை. துணியின் ஒரு பக்கம் வட்டமாக உராய்ந்து கறுத்திருந்தது.

கார்டின் விசிறி கீழ்நோக்கித்தான் இருக்கும். அதன் நெஞ்சிலேயே இந்தத் துணி. விசிறி சுற்றவில்லை. சும்மா இருக்கும்போது தாங்கியது. கேம் போட்டதும் சூடேறி, பதினோராவது நிமிடத்தில் கார்டு மயங்கி விழுந்தது. ஆறுவதற்குள் எழுப்பினால் ஏழில், நாலில், மூன்றில். காலையிலிருந்து அவள் குற்றமில்லாத ட்ரைவரைப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தாள்.

போன் வெளிச்சத்தை ஓட்டைக்குள் அடித்து மெஷினைப் போட்டாள். விசிறியின் ஒரு இதழ் ஓரம் தேய்ந்திருந்தது. துடித்தது. பிறகு சுற்றியது.

மணி மூன்று முப்பத்தொன்று.

ட்ரைவரை ஏற்றினாள். நீலக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. அணைத்து எழுப்பி, கேம் தொடங்கும்போது மூன்று நாற்பத்திரண்டு. ஆறுமுகநாதன் ஓடிப்போய் முதலாளியையும் பிள்ளையையும் கூட்டிவந்தார். பெட்டியைத் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும் என்று சில்வெஸ்டரையும் யாரோ கூப்பிட்டிருந்தார்கள். கயிறும் கையுமாக வாசலில் நின்றார்.

பிள்ளை விளையாடியது. ஐந்து நிமிடம். எட்டு.

முதலாளியின் கண் மேசையில் கிடந்த துணியில் விழுந்தது. இரண்டு விரலால் தூக்கினார். கராம்பு தரையில் கொட்டியது.

"இது என்ன?"

டொறீன் கராம்பைப் பொறுக்கக் குனிந்தாள். கடை என்றால் நுஹ்மானுக்குக் கெடுதி. அப்பா என்றால் இவர் கையெழுத்துப் போடுவாரா?

"நான்தான் மாத்தயா." வாசலிலிருந்து சில்வெஸ்டரின் ஸ்டோர்ச் சிங்களம் வந்தது, ஐயாவுக்கு அதில் மாத்தயா. "பல்லி போகும். புது சாமான். நான் அடைத்தேன். பிள்ளைக்குத் தெரியாது."

"இவர் யார்?"

இதுதான் நல்ல நேரமா, கெட்ட நேரமா என்று ஆறுமுகநாதனுக்கே தெரியவில்லை. பைலைத் திறந்தார். "இந்தக் கடிதத்தில் உள்ள பையனின் தகப்பன், சேர். ரபாயேல். இங்கே வேலை செய்தவன்."

முதலாளி கடிதத்தைப் படித்தார். வெளியே வாகனம் ஹோர்ன் அடித்தது. "மகனும் இப்படித்தான் எல்லாவற்றையும் அடைப்பானா?"

சில்வெஸ்டருக்கு அந்தக் கேள்வி முழுதாக விளங்கவில்லை. மகன் என்ற சொல் விளங்கியது. "நல்ல பிள்ளை மாத்தயா" என்றார்.

"அப்பா, பதினைந்து நிமிடம்! நிற்கவே இல்லை!" என்று பிள்ளை திரும்பாமலே கத்தியது.

முதலாளி பேனாவை வாங்கி, சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. நேரமாகிவிட்டவர் போடும் கையெழுத்து. ஆறுமுகநாதன் முத்திரை குத்தினார்.

"மகளும் அவளுடைய தாயும் நாளை வரைக்கும் இங்கேதான். இந்தப் பெண்ணும் இருக்கட்டும். காலையில் மெஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போகட்டும்." போய்விட்டார்.

டொறீன் தகப்பனை வெளியே கூட்டிவந்தாள். கொழும்புக்கு அவள்தான் போவதாக இருந்தது. முதலாளியின் சொல்லை மீறினால், நாளைக்குப் பொலிஸ் போன் அடித்துக் கேட்கும்போது அவர் கையெழுத்தை மறுத்துவிடலாம்; இனி தகப்பன்தான் போக வேண்டும். தனியாக அவர் கண்டிக்கு அப்பால் போனதே இல்லை.

"எம் மேல கோவமா தாயி?"

"இல்லப்பா."

"கங்காணி மேல பழி போட்டியே. கடசில நான்தான்."

"கங்காணி நல்லவன்தாம்ப்பா. வேல செய்யிறவனுக்குத்தான் மூச்சு முட்டியிருக்கு." அவள் அவர் கையைப் பிடித்தாள். "அத விடுங்க. தம்புள்ளையில அழகமுத்து பஸ் ஏத்தி விடுவான். அம்மா கொழும்புக் கோட்டையில வந்து நிப்பாங்க. நீங்க கடுதாசிய மட்டும் விடாதீங்க."

சில்வெஸ்டர் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவர், அதுவும் தமிழ் மட்டும். கடிதம் சிங்களத்தில் இருந்தது. எண்கள் மட்டும் தெரிந்தன. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

"இது தம்பியோட ஐடென்டி நம்பர்தானே?"

"ஆமாப்பா."

பொலித்தீனில் சுற்றினார். மடித்தார். மறுபடி சுற்றினார். சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். த்ரீவீல் புறப்பட்டது.

ஆறு மணிக்கு, இரவு தங்குகிறவர்களின் பதிவுப் புத்தகத்தைக் காவலாளி கொண்டுவந்து நீட்டினான். "ஐடென்டி நம்பர் எழுதுங்க, தங்கச்சி."

டொறீன் பைக்குள் கையை விட்டாள்.

இரண்டு அட்டைகள் வந்தன.

மேலே இருந்ததில் அப்பாவின் முகம். படம் பிடிக்கும்போது சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்த முகம்.

அழகமுத்துவுக்குப் போன் அடித்தாள். உடனே எடுத்தான்.

"பயப்படாத தங்கச்சி. கொழும்பு பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டேன். ஜன்னல் சீட்டு. நெஞ்சுல கை வெச்சுக்கிட்டே ஒக்காந்திருக்காரு, கடுதாசி பறந்துரும்னு. பஸ் எடுத்து அரை மணி நேரம் ஆகுது. ஏன், என்னா?"

அறைக்குள் கார் ஓடும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. காவலாளி பேனாவை நீட்டியபடியே நின்றான். கொழும்பு வழியில் குருநாகலுக்கு இந்தப் பக்கம் மட்டும் எத்தனை இடத்தில் மறித்து அட்டை கேட்பார்கள், அட்டையில்லாத தமிழரை எத்தனை இடத்தில் இறக்கி வைப்பார்கள் என்று டொறீன் எண்ணத் தொடங்கினாள். அப்பாவிடம் போனும் இல்லை.